அமெரிக்காவில் கார்ப்பரேட் நிறுவனங்கள்மீது ஏன் இத்தனை கோபம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு நாலு வரி போதும். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

உலகத்திலேயே பெரிய பொருளாதாரம். அப்புறம் அவர்களுக்கு என்ன குறை?

வருமானத்தை மட்டும் பார்த்தால் பெரிய குறை இல்லைதான். நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் வருமானம் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருப்பதைவிட அதிகம்.

சொத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அந்த நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்குப்படி, மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் மொத்தக் குடும்பச் சொத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கிறது. கீழ்ப்பாதியில் இருக்கும் அத்தனை பேரிடமும் சேர்த்து 2.5 சதவீதம் அளவுக்குத்தான். திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் கையிருப்பை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று அதே வங்கி ஆண்டுதோறும் மக்களிடம் கேட்கிறது. 2023-ல் முடியும் என்றவர்கள் 63 சதவீதம்.

ஆனால் ஏற்றத்தாழ்வு மட்டுமே இந்தக் கோபத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்தவன் கோடீஸ்வரனாக இருப்பது சராசரி அமெரிக்கருக்கு உறுத்துவதில்லை. நாளைக்கு நாமும் ஆகலாம் என்று நினைப்பவர்கள் அங்கே ஏராளம். மருந்தின் விலை, வீட்டு வாடகை, வேலை நேரம், வேலை போவது என்று எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது. அதனிடம் பேரம் பேசவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. கோபம் வருவது அங்கேதான். கீழே உள்ள பதில்களில் பாதிக்குமேல் இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

வேலை பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதானே?

தேடலாம். ஆனால் வேலையோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் போகும் என்று பாருங்கள்.

முதலில் இன்சூரன்ஸ். சுமார் 15 கோடி அமெரிக்கர்களுக்கு மருத்துவக் காப்பீடு முதலாளி மூலமாகத்தான் வருகிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி அமைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், சம்பளத்தை உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் பிடிக்க வழி தேடிய நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தன. 1954-ல் வந்த வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு வருமான வரி கிடையாது என்று உறுதி செய்தது. போர்க்கால ஏற்பாடு அப்படியே நிலைத்துவிட்டது. இன்று ஒரு குடும்பக் காப்பீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் சராசரியாக 25,000 டாலருக்கு மேல். அதில் தொழிலாளி கட்டுவது கால் பங்கு. வேலை போனால் பழைய காப்பீட்டைச் சில காலம் தொடரச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் முழுத் தொகையையும் நீங்களே கட்ட வேண்டும். சம்பளம் நின்றுபோன மாதத்தில்தான் இந்தப் பில்லும் வரும்.

அடுத்தது, வேலை நீக்கம். மொன்டானாவைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும், ஒப்பந்தமோ தொழிற்சங்கமோ இல்லாத ஊழியரைக் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். இனம், மதம், பாலினம் போன்ற சில காரணங்களுக்காக அனுப்பினால்தான் குற்றம். சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று தனியார் துறை முழுவதற்கும் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. 1993-ல் வந்த சட்டம் குழந்தைப் பேற்றுக்கும் கடும் நோய்க்கும் 12 வாரம் தருகிறது, சம்பளம் இல்லாமல்.

வேறு கம்பெனிக்குப் போவதற்கும் தடை போட்டிருப்பார்கள். ஜிம்மி ஜான்ஸ் என்ற சாண்ட்விச் கடைச் சங்கிலியில் என்ன நடந்தது என்று 2014-ல் வெளியே வந்தது. ரொட்டிக்கு நடுவே இறைச்சியும் தக்காளியும் வைத்துக் கொடுக்கும் பையன்களிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வேலையை விட்டபின் இரண்டு வருடம், அந்தக் கடைகளுக்குச் சில மைல் சுற்றளவில், சாண்ட்விச் விற்பனையில் பத்து சதவீதத்துக்கு மேல் வருமானம் பார்க்கும் எந்த இடத்திலும் வேலை செய்யக் கூடாது! ரகசியத் தொழில்நுட்பம் தெரிந்த விஞ்ஞானியிடம் போடும் நிபந்தனை இது. நியூயார்க், இல்லினாய் மாநிலங்களின் தலைமை அரசு வழக்கறிஞர்கள் (அட்டர்னி ஜெனரல்கள்) தலையிட்ட பிறகு 2016-ல் கைவிட்டார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சுமார் 3 கோடிப் பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்ட கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 2024 ஏப்ரலில் அவற்றைத் தடை செய்தது. ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அந்தத் தடையையே ரத்து செய்தது. மறு ஆண்டு ஆணையமும் மேல்முறையீட்டைக் கைவிட்டுவிட்டது.

ஒரு இன்சூரன்ஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டபோது பலர் சந்தோஷப்பட்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். 2024 டிசம்பர் 4 காலையில், யுனைடெட் ஹெல்த்கேர் நிறுவனத்தின் தலைமை அதிகாரி பிரையன் தாம்சன் மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முதலீட்டாளர் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். தோட்டா உறைகளில் "தாமதப்படுத்து", "மறுத்துவிடு" என்ற பொருளுள்ள சொற்கள் எழுதப்பட்டிருந்தன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் க்ளெய்ம்களை எப்படிக் கையாள்கின்றன என்று புலம்பும்போது மக்கள் பயன்படுத்தும் சொற்கள் அவை. நிறுவனம் ஃபேஸ்புக்கில் போட்ட இரங்கல் செய்திக்குப் பல்லாயிரம் பேர் சிரிப்புக் குறியை அழுத்தினார்கள்.

கொலை கொலைதான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. எனக்கு அதைவிடக் கவனிக்கத்தக்கதாகப் பட்டது, அந்தப் பதிவுகளுக்கு அடியில் மக்கள் எழுதியவை. அம்மாவுக்கு மறுக்கப்பட்ட ஸ்கேன், டாக்டர் எழுதியும் "முன் அனுமதி இல்லை" என்று நிறுத்தப்பட்ட சிகிச்சை, மணிக்கணக்காகப் போனில் காத்திருந்தது. இடதுசாரி, வலதுசாரி என்ற பாகுபாடே அதில் இல்லை. மருத்துவத்துக்கு 2023-ல் மட்டும் 4.9 லட்சம் கோடி டாலர், அதாவது மொத்தப் பொருளாதாரத்தில் 17.6 சதவீதம் செலவழிக்கும் நாட்டில் இது.

இன்சுலின் விலையை வைத்து ஏன் இவ்வளவு பேச்சு?

இந்த விவகாரம் முழுவதும் ஒரு சின்னக் குப்பியில் அடங்கியிருப்பதால்.

கனடாவின் டொராண்டோவில் 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள், அதை வைத்துப் பணம் பண்ணக் கூடாது என்று 1923-ல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். இப்போதைய இன்சுலின் வகைகள் அதிலிருந்து முன்னேறியவை, அது சரி. ஆனால் எலி லில்லி நிறுவனத்தின் ஹ்யூமலாக் 1996-ல் சந்தைக்கு வந்தபோது ஒரு குப்பி 21 டாலர். 2017 வாக்கில் அதே குப்பி, அதே மருந்து, சுமார் 275 டாலர். இடையில் மருந்தில் எந்த மாற்றமும் இல்லை.

எப்படி ஏறியது? இன்சுலின் விற்பனையில் மூன்றே நிறுவனங்கள்தான் ஆதிக்கம் செலுத்துகின்றன: எலி லில்லி, நோவோ நோர்டிஸ்க், சனோஃபி. ஒன்று விலையை ஏற்றினால் மற்றவையும் ஏற்றின. இவற்றுக்கும் நோயாளிக்கும் நடுவே மருந்துப் பட்டியலை நிர்வகிக்கும் இடைத்தரகு நிறுவனங்கள் வேறு. அதிலும் மூன்றுதான் பெரியவை. நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்த மூன்றின் கை வழியாகப் போகிறது. எங்கள் மருந்தைப் பட்டியலில் வை என்று உற்பத்தியாளர் தரகருக்குத் தள்ளுபடி கொடுப்பார். அறிவித்த விலை எவ்வளவு உயரமோ, தள்ளுபடியும் அவ்வளவு பெரியது. அதனால் விலை குறைவாக இருப்பது இருவருக்குமே லாபமில்லை. அந்த மூன்று தரகர்களில் ஒன்றான ஆப்டம் ஆர்எக்ஸ், மேலே சொன்ன யுனைடெட் ஹெல்த்கேரின் தாய் நிறுவனத்துக்குச் சொந்தம். இன்சூரன்ஸும் அவர்களே, தரகும் அவர்களே.

முழு அறிவிப்பு விலையைக் கட்ட வேண்டி வந்தது இன்சூரன்ஸ் இல்லாதவர்களும், காப்பீடு தொடங்குமுன் முதல் சில ஆயிரம் டாலரைத் தாங்களே கட்ட வேண்டியவர்களும்தான். ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டியவர்கள் உண்டு. அப்படிச் செய்து மினசோட்டாவில் இறந்துபோன ஓர் இளைஞரின் பெயரிலேயே அந்த மாநிலம் 2020-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெற்றோரின் காப்பீட்டில் 26 வயதுவரைதான் இருக்க முடியும். அந்தக் காப்பீடு நின்று ஒரு மாதத்துக்குள்ளேயே அவர் போய்விட்டார். 2019-ல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் டெட்ராய்ட்டிலிருந்து நோயாளிகளோடு ஒரு பஸ்ஸில் ஏறி ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சருக்குப் போனார். அங்கே அதே மருந்து சுமார் பத்தில் ஒரு பங்கு விலை.

2022-ல் வந்த சட்டம் முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பிறகு, 2023 மார்ச்சில், எலி லில்லி தானாகவே விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. அப்படியானால் இத்தனை வருடம் ஏன் குறைக்கவில்லை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

1950களில் ஒரு ஆள் சம்பளத்தில் வீடு, கார் எல்லாம் வாங்கினார்களாமே. அது எப்படிப் போயிற்று?

வாங்கினார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. சங்கம் அமைக்க உரிமை தந்த 1935-ன் தொழிலாளர் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர். பெண்களுக்குப் பல வேலைகளின் கதவே திறக்கவில்லை. அந்தப் பொற்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே நேரம், 1950களின் நடுவில் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். முதலாளியோடு உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது. 2024-ல் அந்தப் பங்கு 9.9 சதவீதம், தனியார் துறையில் மட்டும் பார்த்தால் 5.9.

இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஓஹியோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் உருக்காலை ஒன்றை மூடப் போவதாக அன்று அறிவித்தார்கள். சுமார் 5,000 வேலைகள். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்பார்கள். எட்டு வருடம் முன்பு, 1969-ல், நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு கப்பல் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியிருந்தது. முடிவெடுத்தவர்கள் யாரும் ஊரில் இல்லை. ஊர்த் தேவாலயங்கள் கூட்டணி அமைத்து, ஆலையைத் தொழிலாளர்களும் ஊராரும் சேர்ந்து வாங்கி நடத்த முயன்றன. மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது, முயற்சி படுத்துவிட்டது. 1930-ல் 1,70,000 பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 60,000 பேர்.

இன்னொன்று 1981 ஆகஸ்ட். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டப்படி தவறு என்று சொல்லி, ஜனாதிபதி ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் அந்தச் சங்கம் ஆதரித்தது ரீகனைத்தான்! அரசே இப்படிச் செய்கிறதே, நாமும் செய்தால் என்ன என்று தனியார் முதலாளிகளுக்குத் துணிச்சல் வந்தது.

பைபேக், பைபேக் என்கிறார்களே, அது என்ன?

கம்பெனி தன் லாபத்தைக் கொண்டு தன் பங்குகளைத் தானே சந்தையில் வாங்குவது. வெளியே இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை குறையும், மிச்சமுள்ள பங்கின் விலை ஏறும். தலைமை அதிகாரிகளின் சம்பளத்தில் பெரும்பகுதி பங்குகளாக இருப்பதால் அவர்களுக்கும் கொண்டாட்டம். 1982-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் கொண்டுவந்த ஒரு விதி, விலையைச் செயற்கையாக ஏற்றியதாக வழக்கு வரும் என்ற பயத்தைப் போக்கி இதற்கு வழிவிட்டது.

போயிங்கைப் பாருங்கள். 2013-லிருந்து 2019 வரை பைபேக்குக்கு மட்டும் 4,300 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதே காலத்தில்தான் புதிய விமானத்தை முதலிலிருந்து வடிவமைக்காமல் பழைய 737-ஐயே நீட்டித்து 737 மேக்ஸ் என்று விற்றார்கள். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். பதவியிழந்த தலைமை அதிகாரி சுமார் 6.2 கோடி டாலர் மதிப்புள்ள பங்கும் ஓய்வூதியமுமாக வெளியேறினார். பைபேக்தான் விபத்துக்குக் காரணம் என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தில் பொறியாளர்களைவிடக் கணக்காளர்களின் கை ஓங்கிவிட்டது என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2008 நிதி நெருக்கடிக்கும் இன்றைய கோபத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானது. அக்டோபரில் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிடச் சட்டம் வந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாத லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அப்படி யாரும் ஓடி வரவில்லை. அரசுப் பணத்தில் உயிர்பிழைத்த ஏஐஜி காப்பீட்டு நிறுவனம் 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்ததும் வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

அந்தக் கோபம் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் டீ பார்ட்டி இயக்கம்: கடன் கட்டாத அண்டைவீட்டாருக்கு என் வரிப்பணத்தில் ஏன் சலுகை என்று 2009 பிப்ரவரியில் சிகாகோ வர்த்தகக் களத்தில் நின்று ஒரு டிவி நிருபர் கத்தியதில் சூடு பிடித்தது. இடது பக்கம் 2011 செப்டம்பர் 17-ல் நியூயார்க்கின் நிதி மையத்தில் தொடங்கிய வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம். "நாங்கள் 99 சதவீதம்" என்ற முழக்கம் அங்கே பரவியதுதான். அவர்கள் கூடாரம் போட்ட ஸுக்காட்டி பூங்கா ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. நகராட்சிப் பூங்கா என்றால் இரவில் மூடிவிடுவார்கள். இதை 24 மணி நேரமும் திறந்து வைக்க வேண்டும் என்று நகராட்சியோடு ஒப்பந்தம் இருந்ததால்தான் தங்க முடிந்தது. ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. ஒருவர் பேசப் பேச, சுற்றி நின்றவர்கள் ஒவ்வொரு வரியையும் சேர்ந்து திருப்பிச் சொல்லிப் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வைத்தார்கள். நவம்பர் 15 நள்ளிரவு தாண்டி போலீஸ் வந்து காலி செய்தது.

தலைவர் இல்லை, கோரிக்கைப் பட்டியல் இல்லை, அதனால் தோற்றது என்பார்கள். பாதி சரி. ஆனால் ஏற்றத்தாழ்வு பற்றி வாய் திறக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை அதற்குப் பிறகு வந்ததுதான்.

குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு?

நாடு முழுவதற்குமான அளவு மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு ஒரு சென்ட் கூட ஏறவில்லை. வருடம் முழுக்க முழுநேரம் உழைத்தால் 15,080 டாலர். டிப்ஸ் வாங்கும் சர்வர்களுக்கு முதலாளி தர வேண்டியது 2.13 டாலர்தான், அது 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. முப்பது மாநிலங்கள் 7.25 டாலரைவிட அதிகமாக நிர்ணயித்திருக்கின்றன. மற்றவற்றில் அந்த 7.25தான்.

சங்கம் அமைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சட்டப்படி உரிமை இருக்கிறது. வழிமுறைதான் முதலாளிக்குச் சாதகம். ஓரிடத்தில் வேலை செய்பவர்களில் 30 சதவீதம் பேராவது கையெழுத்திட்டால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் வாக்கெடுப்பு நடத்தும். அதற்குள் நிறுவனம் ஆலோசகர்களை அழைத்து வந்து வேலை நேரத்திலேயே கூட்டம் போட்டுச் சங்கத்துக்கு எதிராகப் பேச வைக்கும். சங்கம் அமைக்க முயன்றவரைச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து தூக்கினால்? அபராதம் கிடையாது. வழக்கு முடிந்தபின் பழைய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இடையில் அவர் வேறு எங்காவது சம்பாதித்ததை அதிலும் கழித்துக்கொள்வார்கள். பெரிய கம்பெனிக்கு இது டீச்செலவு.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள அமேசான் கிடங்கில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2020 மார்ச்சில், கொரோனா பாதுகாப்பு இல்லை என்று வெளிநடப்பு நடத்திய கிறிஸ் ஸ்மால்ஸ் என்ற ஊழியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சில நாளில் ஓர் உள்குறிப்பு வெளியே கசிந்தது. அவர் அப்படியொன்றும் சாமர்த்தியசாலி இல்லை, பேசவும் வராது, அதனால் அவரையே இயக்கத்தின் முகமாக்கிவிடலாம் என்று நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் எழுதியிருந்தார். அதேதான் நடந்தது, அவர்கள் நினைத்த மாதிரி இல்லை. ஸ்மால்ஸும் நண்பர்களும் கிடங்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் கூடாரம் போட்டு, ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பெரிய தேசியச் சங்கம் எதுவும் பின்னால் இல்லை. 2021-ல் மட்டும் சங்க எதிர்ப்பு ஆலோசகர்களுக்கு அமேசான் செலவழித்தது 43 லட்சம் டாலர். 2022 ஏப்ரல் 1-ல் வாக்கு எண்ணியபோது சங்கத்துக்கு 2,654, எதிராக 2,131.

அப்புறம்? வருடங்கள் ஓடியும் நிறுவனம் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவில்லை, முடிவை எதிர்த்து வழக்கு நடத்தியது. வாக்கெடுப்பில் ஜெயித்தால் பேசும் உரிமைதான் கிடைக்கும். ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் அந்த வாரியத்தின் உறுப்பினர் ஒருவரை நீக்கியதும், முடிவெடுக்கப் போதிய ஆளில்லாமல் வாரியமே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

ஏற்கெனவே பலமான சங்கம் உள்ள இடங்களில் கதை வேறு. 2023-ல் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லான்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்த கார்த் தொழிலாளர்கள் நாலரை வருடத்துக்கு 25 சதவீத உயர்வு வாங்கினார்கள்.

ஏகபோகத்தை உடைக்கச் சட்டம் இல்லையா?

1890-லிருந்து இருக்கிறது. அந்த ஷெர்மன் சட்டத்தை வைத்துத்தான் 1911-ல் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 துண்டாக உடைத்தார்கள். 1970களின் கடைசியிலிருந்து நீதிமன்றங்களின் பார்வை மாறியது: வாடிக்கையாளருக்கு விலை ஏறினால்தான் பிரச்சினை, கம்பெனி பெரிதாக இருப்பதில் தவறில்லை என்று ஆனது. விளைவு, மாட்டிறைச்சிச் சந்தையில் சுமார் 85 சதவீதம் நான்கு நிறுவனங்களிடம். உள்நாட்டு விமானப் பயணத்தில் பெரும்பகுதி நான்கு நிறுவனங்களிடம்.

பைடன் காலத்தில் வர்த்தக ஆணையத்துக்குத் தலைமை வகித்த லீனா கான் இந்தப் பார்வையை மாற்ற முயன்றார். க்ரோகர், ஆல்பர்ட்சன்ஸ் என்ற இரண்டு பெரிய மளிகைச் சங்கிலிகள் இணைவதை 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடுத்தது. தேடுபொறியில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தண்டனையை அறிவித்தபோது, 2025 செப்டம்பரில், கூகுள் தன் குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்.

எனக்கு இதில் மிகவும் மனதில் நின்றது வாடகை வழக்கு. ரியல்பேஜ் என்ற டெக்சாஸ் நிறுவனம் வீட்டு உரிமையாளர் கம்பெனிகளுக்கு ஒரு மென்பொருள் விற்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் வாடகை விவரங்களை அதில் போடுவார்கள். இந்த வீட்டுக்கு இவ்வளவு கேள் என்று அது சொல்லும். போட்டியாளர்கள் ஓர் அறையில் கூடி விலை பேசினால் குற்றம், ஒரே மென்பொருளிடம் கேட்டுக்கொண்டால் குற்றமில்லையா என்று 2024 ஆகஸ்டில் நீதித்துறை வழக்குப் போட்டது.

தேர்தலில் கம்பெனிப் பணம் எவ்வளவு புழங்குகிறது?

2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது: வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செலவழிக்கும் வரை, கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தலில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், அது பேச்சுரிமை. தொடர்ந்து வந்த தீர்ப்புகள் தனிநபர்களுக்கும் வழியைத் திறந்தன. 2024-ல் எலான் மஸ்க் ஒருவரே டிரம்புக்கு ஆதரவாக 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். பிறகு அரசுத் துறைகளில் ஆள் குறைக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள்.

எச்-1பி விசாவில் போன நம்மவர்கள்மீதும் இந்தக் கோபம் திரும்புகிறதே?

திரும்புகிறது, அதற்கு ஒரு பின்னணி உண்டு. 2014 அக்டோபரில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 கணினி ஊழியர்களை அழைத்து வேலை போகிறது என்றது. அவர்கள் இடத்துக்கு எச்சிஎல், காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் மூலம் ஆட்கள் வந்தார்கள், பலர் எச்-1பி விசாவில். வெளியேறுபவர்கள் கடைசி மாதங்களில் வருபவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களிலும் சென்னை, கோவைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர்களின் நிலையும் பரிதாபம்தான். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும் அல்லது நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பினால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டுகள் நீள்கிறது. வீட்டுக் கடன், பள்ளியில் படிக்கும் குழந்தைகள் எல்லாம் அந்த 60 நாளில் தொங்கும். அப்படிப்பட்டவர் சம்பள உயர்வு கேட்டுச் சண்டை போடுவாரா? வாய் திறக்க முடியாத ஊழியர் வேண்டும் என்பதுதான் அங்கே விசாவின் கவர்ச்சி. வேலை இழந்த ஆர்லாண்டோக்காரரும் வந்து சேர்ந்த நம்மூர்க்காரரும் ஒரே பிடியில் இருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எதிரெதிரே நிறுத்தப்பட்டவர்கள் அதைப் பேசிக்கொள்ள வாய்ப்பில்லை. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்தார். முதலாளியை மாற்றும் சுதந்திரம் பற்றி அதில் ஒன்றுமில்லை.

2024-ல் எல்லோருக்கும் வேலை இருந்ததே, ஆளுங்கட்சி ஏன் தோற்றது?

வேலையின்மை 2023-ல் 3.4 சதவீதம் வரை இறங்கியது, 1969-க்குப் பிறகு மிகக் குறைவு. ஆனால் வேலையில்லாதவர் நூற்றில் நான்கு பேர் என்றால், மளிகைக் கடைக்குப் போகிறவர் நூறு பேர். விலைவாசி உயர்வு 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் வேகம் குறைந்தது, விலை குறையவில்லை. புள்ளிவிவரம் காட்டி "நன்றாகத்தான் இருக்கிறீர்கள்" என்று சொன்ன ஜனநாயகக் கட்சிக்கு மக்கள் பதில் சொன்னார்கள்.

குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு நிறுவனங்கள்மீது கோபம் இல்லையா?

இருக்கிறது. கட்சிச் சின்னம் இல்லாமல் கேள்வியை மட்டும் வாக்குச் சீட்டில் வைத்தால் அது தெரிந்துவிடும். 2020-ல் டிரம்பை ஜெயிக்க வைத்த அதே ஃப்ளோரிடா, அதே நாளில், குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 15 டாலராக்கும் தீர்மானத்தை 60 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து நிறைவேற்றியது. மிசூரியில் 2018-ல் சங்கங்களைப் பலவீனமாக்கும் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்குப் பேர் நிராகரித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் குடியரசுக் கட்சி செனட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2024-ல் அதே மிசூரியில் டிரம்புக்கு 58 சதவீதம் அளவில் வாக்கு. 15 டாலர் ஊதியத்துக்கும் சம்பளத்தோடு கூடிய நோய்க்கால விடுப்புக்கும் ஏறக்குறைய அதே அளவு வாக்கு. விடுப்பு 2025 மே 1-ல் நடைமுறைக்கு வந்தது. முப்பது மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர விடுப்பு என்று கணக்கு ஏறத் தொடங்கியது. மாநில வர்த்தக சபையின் ஆதரவோடு சட்டமன்றம் அதை ரத்து செய்து, விலைவாசிக்கு ஏற்ப ஊதியம் தானாக ஏறும் பிரிவையும் நீக்கியது. ஜூலையில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 28-லிருந்து அந்த விடுப்பு இல்லை.